இரண்டாவது கிட்டார்

கிரீச்ச்ச்! திரைக்குப் பின்னாலிருந்து ஸ்பீக்கர் அலறியது. பழைய ராக் பேண்டுகளின் சங்கம விழாவுக்காகத் தர்மபுரி மண்டபத்தில் கூடியிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பாடகர் சங்கருக்கு வியர்த்தது. "அருளு, மாதையன் கிட்டார்ல சத்தம் வருதுடா!"

"ஐயோ, நீ வயரைக் கழட்டலையா?" டிரம்ஸ் அருள்குமார் பதறினார்.

"நீ கழட்டியிருப்பேன்னு நெனச்சேன்."

அந்தக் காலத்தில் இவர்கள் ஒத்திகை பார்த்தது மாதையனின் மாங்காய் மண்டியில். இரண்டாவது கிட்டாரை அவர் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார், வாசிக்கத்தான் வராது. அதைச் சொல்ல மனமில்லாமல், ஒவ்வொரு கச்சேரியிலும் ரகசியமாக வயரைக் கழற்றிவிடுவார்கள்.

"அவன் பேரன் பேத்தியெல்லாம் முன்வரிசையில உக்காந்திருக்குதுங்க," என்றார் சங்கர். "பாவம், அவன் மானம் போகப்போவுது!"

இருவரும் வயரை நெருங்குவதற்குள் திரை விலகிவிட்டது. சங்கர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினார். மாதையன் தலையை ஆட்டி ஆட்டி வாசித்துத் தள்ளினார்.

ஒரு அபஸ்வரம்கூட இல்லை. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

"மாதையா, எப்படா இவ்வளவு நல்லாக் கத்துக்கிட்ட?" என்று கேட்டார் சங்கர்.

மாதையன் சிரித்தார். "நான் எங்கடா கத்துக்கிட்டேன்? எப்பவும் நீங்க கழட்டுவீங்க. இன்னிக்கு மறந்துட்டீங்க, நானே கழட்டிட்டேன்."