சுவரில் ஒரு கோடு

பங்குனித் திருவிழாவுக்கு வாலாஜாபாத்திலிருந்து வந்திருக்கும் தையல்நாயகி, அண்ணன் சபாபதி வீட்டு நிலைப்படியில் பையோடு நிற்கிறாள். பிற்பகல் வெயில் கூரைக் கண்ணாடி வழியாகத் தறிமேல் விழுகிறது. பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் ஓயவில்லை. "வா தையலு, காபி போடறேன்" என்று அண்ணன் கட்டிலை விட்டு எழுகிறார். அண்ணி காலமான பிறகு யார் உதவியையும் வீட்டுக்குள் விடாத மனிதர். பொங்கலுக்கு அடித்த வெள்ளைச் சுண்ணாம்பில், கட்டிலிலிருந்து சமையற்கட்டு வரைக்கும் இடுப்புயரத்தில் ஓர் அழுக்குக் கோடு ஓடுகிறது. அவர் உள்ளங்கை அந்தக் கோட்டின் மேலேயே ஊர்ந்து போவதை அவள் பார்க்கிறாள். சுவர் முடிகிற இடத்தில் அவர் நின்றுவிடுகிறார். பிடிமானம் தேடிக் கை காற்றில் துழாவுகிறது. தையல்நாயகி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அந்தக் கைக்குத் தன் தோளைக் கொடுக்கிறாள்.

"ஏண்ணா, எத்தினி நாளா சுவத்தப் புடிச்சுக்கினு நடக்கறே?"

"ஒண்ணுமில்லம்மா. நீ போய் சாமியப் பாத்துட்டு, வெளிச்சத்தோட பஸ் ஏறு."

"நான் போவல. ஊட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பறேன். இனிமே இங்கதான் இருப்பேன்."

தெருக்கோடியில் மேளம் கேட்கிறது. சபாபதி தங்கையின் தோளில் மெல்ல மெல்ல உடம்பின் பாரம் முழுவதையும் இறக்குகிறார்.