இடது கைக்கு எட்டிய ஜன்னல்கள்

பக்கவாதத்தில் வலது கை முடங்கிய பிறகு, அலுவலகத்து லினக்ஸ் கணினியை மொழிபெயர்ப்பாளர் தமயந்தி தன் இடது கைக்கேற்ப மாற்றிக்கொண்டாள். பழைய டெஸ்க்டாப் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, திரையில் ஜன்னல்களை அடுக்கும் பொறுப்பை மட்டும் வேறொரு விண்டோ மேனேஜர் மென்பொருளிடம் கொடுத்தாள். பலமுறை திரை இருண்டுபோனது. மறுபடி மறுபடி திருத்தினாள். கடைசியில் மவுஸே இல்லாமல், இடது கையால் ஒரு விசையைத் தொட்டதும் மூலமும் மொழிபெயர்ப்பும் அருகருகே வந்து நின்றபோது, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

சில மாதம் கழித்து, ஒரு வார விடுப்பு முடிந்து வந்த அன்று, அவள் நாற்காலியில் புது மேலாளர் வேதமுத்து உட்கார்ந்திருந்தார்.

“எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு உங்களோடதையும் அழிச்சு மாத்திட்டேம்மா. இனிமே மவுஸ்லயே பண்ணிக்கலாம், ஈஸி.”

தமயந்தி இடது கையால் வலது கையைத் தூக்கி மவுஸ் மேல் வைத்தாள். அது வழுக்கி, மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது.

வேதமுத்து வேறெங்கோ பார்த்தார். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“உங்களைக் கேக்காம உங்க மேசையில யாராச்சும் கை வச்சிருக்காங்களா சார்?”

“நான் வேணா திரும்பப் போட்டுத் தரேன்” என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

“எந்திரிங்க” என்றாள்.