இருமல்
நாட்டின் உச்ச நீதிமன்றத்தில், நடு நாற்காலியில் இருக்கும் முதிய நீதிபதி இருமுகிறார். வக்கீலின் வாதம் பாதியில் நிற்கிறது. இருபது வருடமாக ஒவ்வொரு ஆட்சியும் தன் கொள்கைக்கார நீதிபதிகளைக் கொண்டுவந்து உட்காரவைத்ததில், அவருக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் சமமாகிவிட்டார்கள். எந்தப் பக்கமும் சேராத மிச்சம் இவர் ஒருவர்தான். "எலெக்‌ஷன் வரைக்கும் தாங்குவாரா?" என்று ஒரு நிருபர் கிசுகிசுக்கிறார். "வாயக் கழுவுய்யா. இவர் போனா நாளைக்கே ஆளுங்கட்சி ஆள் வந்து உட்கார்ந்துடுவான்" என்று பக்கத்திலிருப்பவர் பல்லைக் கடிக்கிறார். முன்வரிசையில் ஆளுங்கட்சி வக்கீல்கள் நீதிபதியின் கைக்குட்டையையே பார்க்கிறார்கள், அதில் ரத்தம் தெரிகிறதா என்று. இருமல் நிற்பதாக இல்லை. மின்விசிறிக் காற்றில் மேசைக் காகிதங்கள் படபடக்கின்றன. அரசை எதிர்த்துப் பொதுக்கூட்டத்தில் பேசிய மகனைச் சிறைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் ஒரு அம்மா, கடைசி வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு பாதி எழுந்து நிற்கிறார். காவலர் கண்ணாலேயே உட்காரச் சொல்கிறார். ஒருவழியாக இருமல் அடங்குகிறது. நீதிபதி கைக்குட்டையை மடித்து அங்கிக்குள் வைக்கிறார். "எங்க விட்டீங்க?" வக்கீலுக்கு நினைவில்லை. காகிதங்களைப் புரட்டுகிறார். பக்கத்து நாற்காலி நீதிபதிகளும் குனிந்து எதையோ தேடுகிறார்கள். முதியவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்க்கிறார். "சட்டத்தச் சொல்லுங்க" என்கிறார். "நான் இன்னும் இருக்கேன்."