வெட்டிப் போட்டவை

கணவர் ஞானமணியின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்தில் காட்டுவதற்காக, எஸ்தர் ஒரு சின்ன வீடியோ செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். எல்லாம் அவர் போனில் எடுத்து வைத்திருந்தவை. கணினி மையத்துப் பர்வீன், “ஒவ்வொரு துண்டும் முடியும்போது ஆடுது பாருங்கக்கா, அந்த நுனிய வெட்டிருங்க” என்றாள். வெட்டினாள். பேரனின் ஞானஸ்நானம், தங்கை மகள் கல்யாணம், புது வீட்டுப் பால்காய்ப்பு எல்லாம் சுத்தமாக வந்தன. எடுத்தவர் எதிலுமே இல்லை. வெட்டிப் போட்ட நுனிகளைச் சும்மா ஓட்டிப் பார்த்தாள். போன் கீழே இறங்குகிறது. வேட்டிக் கரை, செருப்பு வார், தலைகீழாகப் பாதி மோவாய். பதிவு நின்றுவிட்டதா என்று தெரியாமல், “எஸ்தர், நின்னுட்டா இது?” என்று அவர் கேட்கிறார். அடுப்படியிலிருந்தோ கூட்டத்துக்குள்ளிருந்தோ, “நின்னுட்டு, நின்னுட்டு” என்கிறது அவள் குரல். ஒரு தடவைகூட அவள் வந்து பார்த்ததில்லை. அப்படி முப்பத்தொரு நுனிகள். மற்றதையெல்லாம் அழித்துவிட்டு அவற்றை வரிசையாக ஒட்டினாள். கடைசி நுனி, அவர் தனியாகக் கடற்கரைக்குப் போன காலையில் எடுத்தது. மணலில் அவர் நிழல். பழக்கத்தில், “எஸ்தர், நின்னுட்டா?” என்று கேட்டுவிட்டு, பதில் வராமல் நடந்துகொண்டே இருந்தார். “இது ரொம்ப நீளமா போகுதேக்கா, வெட்டிரவா?” என்றாள் பர்வீன். எஸ்தர் அவளைப் பார்க்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் குனிந்து, நிதானமாகப் பார்த்துவிட்டு, நிழலிடம் சொன்னாள்: “இன்னும் நிக்கல. ஓடிக்கிட்டுதான் இருக்கு.”