தம்பியின் கத்தி

நானும் தம்பியும் ஒரே நாளில் சிகரெட்டை விட்டோம். இன்று நாலாவது நாள். நான் கல் மாதிரி இருக்கிறேன். எங்கள் சலூனின் இரண்டாவது நாற்காலிக்குப் பின்னால் அவன் நிற்கிறான். காலை வெயில் அவன் கையிலுள்ள கத்தியில் பட்டுத் துள்ளுகிறது. அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்தவர் நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகிறார். நேற்றுவரை இவனை வைராக்கியம் இல்லாத பயல் என்றுதான் ஏசினேன். விடுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் எங்கள் இருவருக்கும் எடுத்த ரத்தச் சோதனையின் முடிவைப் பார்த்த நர்ஸம்மா நேற்று என்னைத்தான் அதட்டினாள். "பெருமை பேசாதீங்க பெரியவரே. உங்க உடம்பு நிக்கோட்டினை மெதுவாக் கரைக்குது. அவருக்குச் சட்டுனு கரைஞ்சிடுது. அதான் தவிப்பு ஜாஸ்தி." நான் டாக்டரையே நம்பாத ஆள். ஆனால் ஒரு சிகரெட் பிடித்தால் எனக்கு அரை நாள் ஓடும். இவனோ ஒரு தலை வெட்டி முடிப்பதற்குள் அடுத்ததைத் தேடுவான். அது என் கண்ணால் கண்டது.

"ஒண்ணே ஒண்ணுண்ணே. எதிர்க்கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்கிறான்.

எனக்கு நானே மழித்துக்கொண்டுதான் பழக்கம்; ஒருத்தன் கத்தியையும் நம்பியதில்லை. போய் அவன் நாற்காலியில் சாய்கிறேன்.

"சவரம் பண்ணுடா."

"கை ஆடுதுண்ணே, வெட்டிரும்."

"வெட்டினா என் கழுத்துதானே? நுரையைப் போடு."

வாசலைப் பார்த்திருந்த கண் என் தொண்டைக்குத் திரும்புகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தியை இறக்குகிறான். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான். நானும்தான்.