எட்டும் ஆறும் பத்து

மேசையின் இந்தப் பக்கம் இயற்பியல் ஆசிரியை தாமரைச்செல்வி. எதிரே, கடலில் காணாமல்போன கணவனைத் தேடச்சொல்லி மனு எழுத வந்த ஜோவிதா. சன்னலோர நாற்காலியில் இருந்தவர் அவளுடைய அண்ணனாக இருக்கவேண்டும்.

“காத்து தள்ளுன கணக்குல கடலோரக் காவல்காரங்க நேர்கெழக்கே எட்டு மைலு தேடிட்டு, படகு இல்லேங்கிறாங்க டீச்சர்.”

“நீரோட்டம் வடக்கே ஆறு மைலு இழுத்துச்சுங்க,” என்றார் சன்னலோரத்தவர்.

ஆசிரியை இரண்டு அம்புக்குறிகள் வரைந்தாள்.

“செங்கோணத்துல எட்டும் ஆறும் சேந்தா பதினாலு இல்லம்மா, பத்து. கெழக்கேருந்து வடக்கே முப்பத்தேழு டிகிரி திரும்பித் தேடணும். நல்லவேளை, உங்கண்ணன் சொன்னாரு.”

“எனக்கேது அண்ணன்? தனியாத்தானே வந்தேன்!”

நாற்காலி காலியாக இருந்தது. கீழே கடல்நீர் தேங்கியிருந்தது. மனுவோடு வைக்க ஜோவிதா நீட்டிய கணவனின் புகைப்படத்தில் அதே முகம்.

தாமரைச்செல்வி தூரத்தையும் கோணத்தையும் மனுவில் எழுதி, உறையை ஒட்டி, கடலோரக் காவலுக்குக் கொடுத்தனுப்பினாள்.