ஓடைக்குள் வைத்த வெள்ளைத் தட்டு

ஓடைநீரைச் சோதிக்கும் செண்பகம் ஒரு வெள்ளைத் தட்டை நீருக்குள் வைத்துவிட்டுப் போனார். மேலே வயல்களில் அள்ளி இறைத்த யூரியா கரைந்து வந்ததில், பத்தே நாளில் தட்டு முழுக்கப் பாசி தடித்துவிட்டது. அதைப் பார்த்த நத்தை ஆசையாக ஊர்ந்து வந்தது.

“தொடாதே! நான் எவ்வளவு தடிச்சிருக்கேன்னு பார்த்துத்தான், தண்ணியில எவ்வளவு உரம் கலக்குதுன்னு அந்தம்மா கண்டுபிடிக்கணும்!” என்று கத்தியது பாசி.

“தட்டுல வச்சதை மிச்சம் வைக்கலாமா? வச்சவங்க மனசு நோகாதா?” என்ற நத்தை, மொத்தத்தையும் வழித்துத் தின்றது.

மறுநாள் செண்பகம் வந்தார். பளிச்சென்றிருந்த தட்டைப் பார்த்து, ‘தண்ணீர் சுத்தம்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

உரத்தண்ணீரில் மூச்சுத் திணறி மேலே வந்த கெண்டை அலறியது:

“அடப்பாவி! அந்தம்மா கையில சேர வேண்டிய எங்க மனுவையாடா தின்னுட்டே?”